ஃபோர்டு திரும்ப வருது. அதை நம்பி உங்க பணமும் போகணுமா?

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில போன் வந்தது. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில 18 வருஷம் அசெம்ப்ளி லைன்ல வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர். எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவர், இப்ப என் கிளையண்ட். "தம்பி, ஃபோர்டு திரும்ப வருதுன்னு உறுதியாயிடுச்சு இல்ல? சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துல ஒரு மனை வந்திருக்கு. 24 லட்சம் சொல்றான். புரோக்கர் இப்பவே அட்வான்ஸ் போடச் சொல்றான். போட்டுடட்டுமா?"

நான் உடனே பதில் சொல்லலை. சாயந்திரம் ஆபீஸுக்கு வரச் சொன்னேன். அன்னிக்கு அவர்கிட்ட பேசினதைத்தான் இங்க எழுதறேன். வீடியோவுல 12 நிமிஷத்துல இதைச் சொல்ல முடியலை, கணக்கு கொஞ்சம் நீளம். மனை வாங்கற யோசனையே இல்லாதவங்களும் படிங்க. இதுல ஒரு பாலிசி கணக்கும், ஒரு பழைய கார் கணக்கும் வரும்.

முதல்ல, என்ன அறிவிப்பு வந்ததுன்னு சரியாப் பார்க்கலாம். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவுல கார் தயாரிக்கறதை நிறுத்தறோம்னு ஃபோர்டு சொன்னது. குஜராத் சனந்த் ஆலை முதல்ல நின்னது. 2022 ஜூலையில மறைமலை நகர்ல இருந்து கடைசி எக்கோஸ்போர்ட் வெளிய வந்தது. 2024 செப்டம்பர்ல, ஏற்றுமதிக்காக இந்த ஆலையைத் திரும்பப் பயன்படுத்தப் போறோம்னு தமிழக அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தாங்க. 2025 அக்டோபர் கடைசியில புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாங்க. முதலீடு சுமார் 3,250 கோடி ரூபாய். தயாரிக்கப் போறது கார் இல்லை, எஞ்சின். வருஷத்துக்கு 2,35,000 எஞ்சின், உற்பத்தி ஆரம்பம் 2029. நேரடி வேலை 600க்கு மேல.

இதை நான் குறைச்சு மதிப்பிடலை. ஒரு மூடின ஆலை திறக்கறது நல்ல சேதிதான். ஆனா அண்ணன் மனசுல இருக்கற படம் வேற. அவருக்கு "ஃபோர்டு வருது"ன்னா 2012 மாதிரி ஷிப்ட் பஸ் வரிசையா நிக்கற மறைமலை நகர். வருஷத்துக்கு 2 லட்சம் காரும் 3,40,000 எஞ்சினும் பண்ணக்கூடிய ஆலை அது. இப்ப வர்றது அதுல எஞ்சின் பக்கம் மட்டும், அதுவும் 2029ல. நடுவுல மூணு, நாலு வருஷம் வட்டி கட்டணும். புரோக்கர் காட்டற நோட்டீஸ்ல இந்த வருஷக்கணக்கு இருக்காது.

இன்னொண்ணு, ஃபோர்டு இந்தியாவை விட்டுப் போனது 2021ல முதல் தடவை இல்லை. 1926லயே கனடா ஃபோர்டின் கிளையா வந்து, சென்னை, பம்பாய், கல்கத்தாவுல இருந்து தொழில் பண்ணி, 1950கள்ல மூடிட்டுப் போனாங்க. 1995ல மஹிந்திராவோட சேர்ந்து திரும்ப வந்தாங்க. 1996ல எஸ்கார்ட், 1999ல ஐகான். ஐகானோட "ஜோஷ்" விளம்பரம் என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2010ல ஃபிகோ, 2013ல எக்கோஸ்போர்ட். வந்து, போய், வந்து, போய், இப்ப மறுபடி. இதை நான் கோபமாச் சொல்லலை. கணக்கு சரியா வந்தா இருப்பாங்க, வராட்டி போவாங்க. உணர்ச்சி எல்லாம் நம்ம பக்கம்தான்.

போகும்போது எப்படிப் போனாங்கன்னும் பாருங்க. பத்து வருஷத்துல செயல்பாட்டு நஷ்டம் மட்டும் 200 கோடி டாலருக்கு மேலன்னு அவங்களே அறிக்கையில எழுதினாங்க. அன்னிக்கு ரேட்டுக்கு 14,000 கோடி ரூபாயைத் தாண்டும். ரெண்டு ஆலையும் சேர்த்து வருஷத்துக்கு 4 லட்சத்துக்கு மேல கார் பண்ணலாம், ஆனா ஓடினது கால்வாசி கூட இல்லை. மஹிந்திராவோட 2019ல ஒரு கூட்டு நிறுவனம் அறிவிச்சு, அதையும் 2020 டிசம்பர் 31ஓட கைவிட்டாங்க. சனந்த்ல 100 கோடி டாலர் முதலீடுன்னு 2011ல அறிவிச்சுக் கட்டின ஆலையை, எஞ்சின் பகுதி நீங்கலா, டாடாவுக்கு 725.7 கோடி ரூபாய்க்கு வித்தாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச எண் வேற ஒண்ணு. வெளிய போறதுக்கே இன்னும் சுமார் 200 கோடி டாலர் செலவாகும்னு அதே அறிவிப்புல சொன்னாங்க. போனது 200 கோடி, போறதுக்கு 200 கோடி. அப்படியும் போனாங்க. ஏன்? ஏற்கனவே போன பணத்தை அவங்க அந்தக் கணக்குல சேர்க்கவே இல்லை. இனிமே இங்க போடற ஒவ்வொரு டாலரும் எவ்வளவு தரும், அதே டாலரை வேற இடத்துல போட்டா எவ்வளவு தரும்? இந்த ரெண்டு கேள்விதான்.

ஃபோர்டுக்கு இது பழக்கம். ஜாகுவாரை 1989ல 250 கோடி டாலருக்கு வாங்கினாங்க, லேண்ட் ரோவரை 2000ல 270 கோடி டாலருக்கு. ரெண்டையும் சேர்த்து 2008ல டாடாவுக்குக் கொடுத்தது 230 கோடி டாலருக்கு. நடுவுல போட்ட பணம் தனி. 2018ல அமெரிக்காவுலயே மஸ்டாங் தவிர கிட்டத்தட்ட எல்லா கார்களையும் படிப்படியா நிறுத்தப் போறோம், பிக்கப்பும் எஸ்யூவியும்தான் இனிமேன்னு முடிவு பண்ணாங்க. அங்க அவங்க சோறு போடறது எஃப் சீரிஸ் பிக்கப் லாரிதான், 1977ல இருந்து அமெரிக்காவுல அதிகம் விக்கற பிக்கப். அதே பிக்கப்போட மின்சார வடிவமான லைட்னிங்கை 2022ல பெரிய ஆர்ப்பாட்டத்தோட கொண்டு வந்தாங்க. 2025 டிசம்பர்ல, மின்சாரத் திட்டங்களை மாத்தறோம், அதுக்காக 1,950 கோடி டாலரை நஷ்டமா எழுதறோம்னு சொல்லி அதையும் நிறுத்தினாங்க. இந்தியாவுல விட்டது இதுக்கு முன்னாடி சில்லறை.

இந்த இடத்துல நம்ம ஊர் நிதி ஆலோசகர்கள் வழக்கமா ஒரு வசனம் பேசுவாங்க. "பார்த்தீங்களா, பெரிய கம்பெனியே நஷ்டத்தை வெட்டிட்டுப் போகுது, நீங்களும் உங்க பழைய பாலிசியை இன்னிக்கே சரண்டர் பண்ணுங்க, பணத்தை என்கிட்ட கொடுங்க." நானும் சிஏ பாஸ் பண்ண புதுசுல இப்படித்தான் சொல்லிட்டிருந்தேன் (கடைசி வாக்கியம் தவிர!). இப்ப சொல்றதில்லை. காரணம், கணக்கு போட்டுப் பார்த்தா பாதி பேருக்கு அது தப்பு.

அண்ணன் கதைக்கு வர்றேன், அதுலதான் இந்தக் கணக்கு இருக்கு. 2022ல ஆலை மூடும்போது இழப்பீட்டுக்காகப் பெரிய போராட்டம் நடந்தது. வருஷ சர்வீஸுக்கு இத்தனை நாள் சம்பளம்னு பேரம், மாசக்கணக்கா இழுத்து முடிஞ்சது. இவருக்கு கிராச்சுட்டி, பிஎஃப் எல்லாம் சேர்த்து, வரி போக, 40 லட்சத்தை ஒட்டிக் கைக்கு வந்தது. வரி போகன்னு சொன்னதைக் கவனிங்க. வேலை போனதுக்குக் கொடுக்கற இழப்பீட்டுல வரிவிலக்கு அதிகபட்சம் 5 லட்சம்தான், அந்த உச்சவரம்பு ரொம்ப வருஷமா நகரவே இல்லை. மிச்சம் சம்பளமாக் கருதி வரி. 18 வருஷ சம்பாத்தியத்தோட கடைசிப் பங்கை ஒரே வருஷத்து வருமானமா நினைச்சு உச்ச ஸ்லாப்ல வரி போடறது எனக்கு இன்னிக்கும் நியாயமாப் படலை. இதுக்கு வரி நிவாரணம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் தகுதிக் கணக்கு, படிவம்னு வேலை உண்டு. யாருக்காவது இந்த நிலைமை வந்தா, பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டரைப் பாருங்க. வந்த அப்புறம் பார்த்துப் பெரிசாப் பிரயோஜனம் இல்லை.

பணம் அக்கவுண்ட்ல விழுந்த அந்த வாரமே வங்கியில இருந்து போன். (எந்த வங்கின்னு எழுதலை. எந்த வங்கியா இருந்தாலும் இதே போன்தான் வந்திருக்கும்.) காபி, ஏசி ரூம், மேனேஜர் எழுந்து நின்னு கை கொடுத்தார். வெளிய வரும்போது அண்ணன் பேர்ல ஒரு பாலிசி, அண்ணி பேர்ல ஒரு பாலிசி. ஒவ்வொண்ணுக்கும் வருஷ பிரீமியம் 2 லட்சம். அஞ்சு வருஷம் கட்டினா போதும்னு வாயால சொன்னாங்களாம். பத்திரத்துல 20 வருஷம். வேலை இல்லாத மனுஷனுக்கு வருஷம் 4 லட்சம் பிரீமியம்!

ரெண்டு பிரீமியம் கட்டின பிறகு, 2024 ஆரம்பத்துல என்கிட்ட வந்தார். கட்டினது 8 லட்சம். சரண்டர் பண்ணினா வர்றது 30 சதவீதம், 2.4 லட்சம். "5.6 லட்சம் போயிடுமா தம்பி? அது எத்தனை வருஷ ஓவர்டைம் தெரியுமா?"ன்னார். நான் கொஞ்ச நேரம் பேசலை.

அப்புறம் பேப்பரை எடுத்தேன். உங்களுக்குப் புரியறதுக்காக வருஷம் 1 லட்சம் பிரீமியம்னு வெச்சுப் போடறேன். 20 வருஷம் கட்டி முடிச்சா, 5 சதவீத வருமானக் கணக்குல முதிர்வு சுமார் 34.7 லட்சம். பாரம்பரிய பாலிசிகள் பெரும்பாலும் இந்த அக்கம்பக்கம்தான்.

ரெண்டு வருஷம் கட்டினவர் இப்ப வெளிய வந்தா 60,000 ரூபாய் கிடைக்கும். அந்த 60,000ஐயும், மிச்ச 18 வருஷத்துக்கு அதே 1 லட்சத்தையும் 7 சதவீதத்துல போட்டா, முடிவுல சுமார் 38.4 லட்சம். 70 சதவீதப் பணத்தைத் தொலைச்சுட்டு வந்தும் நாலு லட்சத்துக்கு அருகில கூட வருது. வெளிய வர்றதுதான் சரி.

இப்ப அஞ்சு வருஷம் கட்டினவரைப் பார்ப்போம். சரண்டர் 50 சதவீதம்னு வெச்சா 2.5 லட்சம். அதையும் மிச்ச 15 வருஷப் பணத்தையும் 7 சதவீதத்துல போட்டா சுமார் 33.8 லட்சம். பாலிசியிலேயே இருந்திருந்தா 34.7. அதாவது இருக்கறதுதான் கொஞ்சம் மேல! பத்து வருஷம் கட்டி, 5.5 லட்சம் சரண்டர் வருதுன்னா, வெளிய வந்தா 25.6 லட்சம்தான். அங்க சரண்டர் பண்ணச் சொல்றவர் உங்க நண்பர் இல்லை.

அதே பாலிசி, அதே 5 சதவீதம். எத்தனை வருஷம் தாண்டியிருக்கீங்கங்கறதுல பதில் தலைகீழா மாறுது. 7 சதவீதத்துக்குப் பதிலா 11 போட்டுப் பார்த்தா அஞ்சு வருஷம் கட்டினவர் கணக்கும் சரண்டர் பக்கம் சாயும், பத்து வருஷம் கட்டினவருக்கு அப்பவும் மயிரிழையில பாலிசிதான் மேல, ஆனா அந்த 11ஐ யாரும் உத்தரவாதமாத் தர மாட்டாங்க. பாலிசியை விட்டா டேர்ம் இன்ஷூரன்ஸ் தனியா எடுக்கணும், அந்தச் செலவும் கழியும். ஃபோர்டு பண்ணினதும் இந்தக் கணக்குதான்: முன்னாடி போனதை மறந்துட்டு, இங்கிருந்து முன்னோக்கிப் போடற கணக்கு. அவங்களுக்கு "போ"ன்னு பதில் வந்தது. உங்களுக்கு "இரு"ன்னும் வரலாம்.

அண்ணன் ரெண்டு பாலிசியையும் சரண்டர் பண்ணினார். அவர் விஷயத்துல 38.4 பெரிசா 34.7 பெரிசாங்கறதுக்கு முன்னாடி, அடுத்த 4 லட்சத்துக்கு எங்க போறதுன்னு ஒரு கேள்வி இருந்தது. இப்ப புது பாலிசி வாங்கறவங்களுக்கு 30 நாள் ஃப்ரீ லுக் இருக்கு. பத்திரம் கைக்கு வந்த அன்னிக்கே பிரீமியம் கட்டும் காலம்னு எங்க போட்டிருக்குன்னு தேடிப் படிங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடலாம்.

சரி, மனைக்கு வருவோம். நான் வேண்டாம்னு சொன்னதுக்கு 2029 மட்டும் காரணம் இல்லை.

2022ல ஆலை மூடினப்போ அவருக்கு என்ன ஆச்சுன்னு அவர் மறந்துட்டார், நான் மறக்கலை. சம்பளம் நின்னது, அது எல்லாருக்கும் தெரியும். அவர் வீட்டு மாடியில ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருந்தார். குடியிருந்தவங்க ஃபோர்டுக்கு உதிரிபாகம் கொடுத்த ஒரு கம்பெனிப் பசங்க. அவங்க அதே ரெண்டு, மூணு மாசத்துல காலி பண்ணிட்டுப் போனாங்க. மச்சான் வேன் ஓட்டி ஷிப்ட் ஆளுங்களைக் கொண்டு விட்டிட்டிருந்தார், இவர் அவருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தார். வேன் நின்னது, இஎம்ஐ நிக்கலை. 2016ல சீட்டு எடுத்து வாங்கிப் போட்ட அரை கிரவுண்டை வித்துடலாம்னு பார்த்தா, கேட்டு வந்த ஆள் கிரய விலையே கேட்டான்.

அதாவது சம்பளம், வாடகை, ஜாமீன், மனை, நாலும் ஒரே கேட்டை நம்பி நின்னது. பேப்பர்ல பார்த்தா அவர் பணத்தைப் பிரிச்சுத்தான் வெச்சிருந்தார். ரியல் எஸ்டேட் இருக்கு, வாடகை வருமானம் இருக்கு, சம்பளம் இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள எல்லாமே ஃபோர்டு ஷேர் மாதிரி! ஷேரா இருந்தா கூட ஒரு பொத்தானை அழுத்தி வித்திருக்கலாம்.

இது நம்ம ஊர்ல ரொம்ப சகஜமான தப்பு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், எங்க போனாலும் பார்ப்பேன். வேலை பார்க்கற இடத்துக்குப் பக்கத்துல மனை வாங்கறது இயல்பு. தெரிஞ்ச இடம், தெரிஞ்ச புரோக்கர், கூட வேலை பார்க்கறவன் பக்கத்து பிளாட். குடியிருக்க ஒரு வீடு அங்க இருக்கட்டும், அதுல தப்பே இல்லை. ரெண்டாவது சொத்தும், மூணாவது சொத்தும் அதே கேட்டோட நிழல்ல வேண்டாங்கறதுதான் என் கட்சி.

ஃபோர்டே இதுல ஒரு பாடம் வெச்சிருக்கு, மனுஷங்க யாரும் பார்க்கறதில்லை. 2006 செப்டம்பர்ல ஆலன் முலாலி தலைமைக்கு வந்தார். அந்த வருஷக் கடைசியில ஃபோர்டு தன்னோட ஆலைகள், சொத்துகள், நீல முட்டை வடிவ லோகோ வரைக்கும் அடமானம் வெச்சு சுமார் 2,360 கோடி டாலர் கடனுக்கு ஏற்பாடு பண்ணினது. ரெண்டு வருஷத்துல உலகமே ஆட்டம் கண்டது, கடன் கிடைக்கலை. ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் 1ஆம் தேதி திவால் மனு போட்டது. அதுல பழைய பங்குதாரர்களுக்குக் கடைசியில எதுவுமே மிஞ்சலை. கிரைஸ்லரும் அதே வருஷம் அதே வழியில போனது. ஃபோர்டு திவால் நீதிமன்றம் போகாம தப்பிச்சது, காரணம் அந்தப் பணம். லோகோவை 2012ல மீட்டாங்க.

இதைக் கேட்டு யாரும் வீட்டை அடமானம் வெச்சுடாதீங்க. பணத்தைத் தேவைக்கு முன்னாடி கைக்கு எட்டற தூரத்துல வெச்சிருந்தாங்க, அதைத்தான் சொல்றேன். அண்ணன்கிட்ட 2022ல அப்படி எட்டற தூரத்துல இருந்தது மூணு மாசச் செலவு கூட இல்லை. செட்டில்மென்ட் தாமதமான அந்த மாசங்கள்ல அண்ணியோட நகை வங்கிக்குப் போனது. அது திரும்ப வந்துடுச்சு, சந்தோஷம்.

நடுவுல காரைப் பத்தி. "ஃபோர்டு வருதே, பழைய எக்கோஸ்போர்ட் வாங்கலாமா, எண்டேவர் வாங்கலாமா"ன்னு கேக்கறவங்க நிறைய. நானே ஒரு எக்கோஸ்போர்ட் டீசல் வெச்சிருக்கேன், 2018ல புதுசா எடுத்தது, ஆன்ரோடு 11.8 லட்சம். ஆலை மூடற அறிவிப்பு வந்த வாரம் ஒரு பழைய கார் வியாபாரி 5.2 லட்சம் கேட்டார். பத்து நாள் முன்னாடி அவரே 6.9 சொன்னவர். "இனிமே இது இரும்பு விலைதான் சார்"ன்னார். எனக்கு வித்துடலாம்னு கை துறுதுறுத்தது, பொய் சொல்லலை.

விக்கலை. போன மாசம் விசாரிச்சப்போ 3.5 லட்சம் சொல்றாங்க. நாலு வருஷத்துல 1.7 லட்சம் இறங்கியிருக்கு, வருஷத்துக்கு 42,500. அன்னிக்கு வித்துட்டு 14 லட்சத்துக்குப் புதுக் கார் எடுத்திருந்தா, அது இன்னிக்கு 7 லட்சத்துக்கு நிக்கும்னு வெச்சாலும் வருஷத்துக்கு 1.75 லட்சம் தேய்மானம், அதுக்கு மேல கார் லோன் வட்டி. கம்பெனி போனதுல விழுந்தது ரீசேல் விலை மட்டும். வண்டி ஓடற தூரம் விழலை. விக்காதவனுக்கு ரீசேல் விலை ஒரு வதந்தி மாதிரி.

அதனால பழைய ஃபோர்டு வாங்கறவங்களுக்கு என் கருத்து: கம்பெனி திரும்ப வருதுங்கற காரணத்துக்காக ஒரு ரூபாய் கூட அதிகமாக் கொடுக்காதீங்க. வரப்போறது ஏற்றுமதி எஞ்சின் ஆலை, உங்க வண்டிக்கு அதனால விலை ஏறணும்னு எந்தக் காரணமும் இல்லை. உங்க ஊர்ல ஃபோர்டு தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரா, கையில முழுப் பணம் இருக்கா, அஞ்சு வருஷமாவது விக்காம ஓட்டுவீங்களா? மூணுக்கும் ஆமான்னா நல்ல வண்டியை மலிவா எடுக்கலாம். எண்டேவர் மட்டும் யோசிச்சு. வாங்கற விலை இறங்கியிருக்கலாம், ஆனா டயரும் பிரேக்கும் கிளட்ச்சும் இன்னும் பெரிய வண்டி விலையிலதான் இருக்கும். பழைய காருக்குப் பர்சனல் லோன் எடுத்து வாங்கறேன்னா, நான் அந்தப் பேச்சுக்கே வரலை.

அன்னிக்கு சாயந்திரத்துக்குத் திரும்பறேன். அண்ணன்கிட்ட இப்ப மிச்சம் இருக்கறது 16 லட்சம். ஒரகடத்துல ஒரு கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கார், காண்ட்ராக்ட்ல, முன்னாடி வாங்கின சம்பளத்துல பாதி. பொண்ணு பிளஸ் டூ, அடுத்த வருஷம் இன்ஜினியரிங். மனை 24 லட்சம், பதிவுச் செலவு தனி. 12 லட்சம் கையில இருந்து, மிச்சம் லோன். "2029ல டபுள் ஆகும் தம்பி, பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்."

நான் அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணா, இப்ப நீங்க வேலை பார்க்கற கம்பெனி யாருக்கு சப்ளை பண்ணுது?" அவர் யோசிச்சார். கார் கம்பெனிக்குத்தான். "மாடியில இப்ப குடியிருக்கறவங்க?" அவங்களும் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. மேல பேசலை, காபியை ஆத்திக் குடிச்சார்.

16 லட்சத்துல 4 லட்சத்தை எஃப்டியில தொடாம வைக்கச் சொன்னேன், அது அவர் குடும்பத்தோட ஒரு வருஷச் செலவு. பொண்ணோட நாலு வருஷப் படிப்புக்கு 6 லட்சம், அந்தந்த வருஷம் முதிர்ற மாதிரி டெபாசிட். மிச்ச 6ஐத்தான் வளர்றதுக்குன்னு ஒதுக்க முடியும், அதையும் ஒரேயடியாப் போடாம இன்டெக்ஸ் ஃபண்ட்ல மாசா மாசம். மூணு லட்சத்துக்கு இருந்த குடும்ப மெடிக்கல் பாலிசியை பத்தாக்கச் சொன்னேன். இதெல்லாம் கேக்கறதுக்கு சுவாரசியமா இல்லைன்னு எனக்குத் தெரியும். மனை மாதிரி போய் நின்னு பார்க்க முடியாது, சொந்தக்காரங்ககிட்ட காட்ட முடியாது.

"அப்ப ஃபோர்டு வர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வி கொஞ்சம் வலிச்சது. அந்த ஆலையில 18 வருஷம் நின்னவர். எஞ்சின் லைனுக்கு ஆள் எடுக்கும்போது பழைய ஆளுங்களை எடுக்கறாங்களான்னு பாருங்க, விண்ணப்பம் போடுங்கன்னு சொன்னேன். வேலை கிடைச்சா, அதுதான் அவருக்கு ஃபோர்டுல கிடைக்கக்கூடிய நல்ல முதலீடு, அதுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டியதில்லை. ஆனா 2029ல அவருக்கு 48 வயசு ஆகியிருக்கும். அதை நான் சொல்லலை, அவரே சொன்னார்.

புரோக்கர் இன்னும் தினமும் போன் பண்றானாம். நேத்து வரைக்கும் அட்வான்ஸ் போடலை. பொண்ணு கவுன்சிலிங் முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்காராம்.